கெட்டிலில் படியும் சுண்ணாம்பும் 4,800 வெள்ளி இயந்திரமும்

மலேசியாவின் பேராக் மாநிலம், கிந்தா பள்ளத்தாக்கின் தோட்டப்புறச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 46. வீட்டு வாசலிலேயே பசியாறல் கடை வைத்திருக்கிறார். காலை 6 மணிக்கெல்லாம் தோசையும் சாம்பாரும் தயாராக இருக்க வேண்டும். கணவர் செம்பனை ஆலையில் கொதிகலன் பிரிவில் வேலை செய்கிறார். விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது என்பதால் 3 ஆண்டுகளாகத் துளைக்கிணற்றுத் தண்ணீரையே புழங்குகிறார்கள்.

அவர் சொல்லும் சிரமங்கள் இவை. கெட்டிலின் அடியில் வெள்ளையாகக் காரை படிகிறது. பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் குழையவில்லை, கேஸ் தீர்ந்துபோகிறது. சவர்க்காரம் நுரைப்பதில்லை. மகளுக்கு முடி கொட்டுகிறது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில் மஞ்சள் கறை ஏறுகிறது. ஆலை ஆய்வகத்தில் கணவர் பார்த்ததில் தண்ணீரின் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 280 மில்லிகிராம். போன வாரம் வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டுக் காட்டினார். தண்ணீர் சேறு மாதிரி ஆகிவிட்டது. கணவருக்கு முன்பு சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. "கெட்டிலில் இருப்பதுதான் உங்கள் கணவர் வயிற்றிலும் இருந்தது" என்று விற்பனையாளர் சொன்னதும் பயந்துபோய், 4,800 வெள்ளி (ரிங்கிட்) இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டு 500 வெள்ளி முன்பணமும் கொடுத்துவிட்டார். மாமியாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. அவரோ, "சுண்ணாம்பைப் போட்டால் தெளிந்துவிடும், எதற்கு மிஷின்?" என்கிறார். கணவர் ஆலையிலிருந்தே, கடினத்தன்மை நீக்கிய மென்னீரைக் கேனில் கொண்டுவரலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமான விஷயம். சட்டம் என் துறை இல்லை. ஆனாலும் தண்ணீர் பரிசோதனைக்காக என்னிடம் வரும் பலர் உங்களைப் போலவே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள் என்பதால் இதைத் தெரிந்துவைத்திருக்கிறேன். வீடு தேடி வந்து விற்கப்படும் 300 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு, 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டப்படி ஒப்பந்தத்தை ரத்து செய்ய உங்களுக்கு 10 வேலை நாள் அவகாசம் உண்டு. வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எழுத்து மூலம், பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் புகாரைப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். ஒப்பந்தத் தேதியிலிருந்து எத்தனை வேலை நாள் ஓடிவிட்டது என்பதை மட்டும் இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.

இனி தண்ணீருக்கு வருவோம்.

நீங்கள் இருக்கும் இடமே சுண்ணாம்புக்கல் பூமி. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது, அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைத் தொட்டால் கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கால்சியம் பைகார்பனேட்டாகத் தண்ணீரில் கலந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. வாயு எப்போது வெளியேறுகிறதோ அப்போது கரைந்த கல் மறுபடியும் கல்லாகிவிடும். பத்துமலைக் குகைக் கூரையிலிருந்து விழுதுவிழுதாகத் தொங்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். சொட்டும் தண்ணீரிலிருந்து வாயு பிரிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கல் வளர்ந்த கதை அது. உங்கள் கெட்டிலில் நெருப்பு அந்த வாயுவை 5 நிமிடத்தில் விரட்டிவிடுகிறது. படிவது அதே கல்தான், கால்சியம் கார்பனேட்.

இதில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. கெட்டிலில் ஒட்டிக்கொண்டிருக்கும் காரை, தண்ணீரிலிருந்து பிரிந்து வந்தது. அதாவது நீங்கள் குடிக்காமல் விட்டது. நம் வீடுகளில் கொதிக்க வைக்காமல் யாரும் குடிப்பதில்லை. அந்தப் பழக்கமே தண்ணீரை ஓரளவு மென்மையாக்கிவிடுகிறது. கொதித்தால் போகும் இந்தக் கடினத்தன்மையைத் தற்காலிகக் கடினத்தன்மை என்கிறோம். கால்சியமும் மெக்னீசியமும் சல்ஃபேட்டாகவோ குளோரைடாகவோ கரைந்திருந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது, அது நிரந்தரக் கடினத்தன்மை. உங்கள் 280 இரண்டும் சேர்ந்த கணக்கு. சுண்ணாம்புக்கல் பகுதிக் கிணறு என்பதால் பெரும்பகுதி தற்காலிகமாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதைக் கணவரே சோதித்துவிடலாம், எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

கணவரின் கல்லைப் பற்றி

விற்பனையாளர் சொன்னதில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். கெட்டிலில் இருப்பது கால்சியம் கார்பனேட். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட், அது வேறு பொருள். பேரில் கால்சியம் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. கடினநீர் குடிப்பதால்தான் கல் வருகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. உணவில் கால்சியத்தை மிகவும் குறைத்தால் குடலில் ஆக்சலேட்டைப் பிடித்துவைக்க ஆள் இல்லாமல் கல் கூடலாம் என்றுதான் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கொதிகலன் பக்கம் நின்று வியர்வை கொட்டும் ஆளுக்குப் பெரிய ஆபத்து போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு அதன்படி குடிக்கச் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் வைக்கவில்லை. நம் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரத்தில் உச்ச வரம்பு 500 மில்லிகிராம். உங்கள் தண்ணீர் மிகக் கடினமான நீர்தான், ஆனால் அந்த வரம்புக்குள் இருக்கிறது.

கம்பி விட்டுக் காட்டிய சோதனை

அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது அந்த இரும்பே கரைந்து துருவாகித் தண்ணீரில் கலக்கிறது. நீங்கள் பார்த்த சேறு கம்பியிலிருந்து வந்தது. பக்கத்து டம்ளரில் அவர் வைத்த "சுத்தமான" தண்ணீர் தெளிவாக நின்றதற்குக் காரணம், அதில் உப்பு எதுவும் இல்லாததால் மின்சாரம் பாயவில்லை. மறுபடியும் வந்தால் அந்த டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். டி.டி.எஸ். மீட்டர் காட்டினாலும் மயங்க வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து எண்ணுகிறது, எது கால்சியம் என்று அதற்குத் தெரியாது.

இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது

கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி (மாதாமாதம் உப்பு போட வேண்டும் என்கிறீர்கள்) அது அயனிப் பரிமாற்ற மென்னீர்க் கருவி. மோசடிப் பொருள் இல்லை, கணவரின் ஆலையில் இருப்பதும் அதன் பெரிய உருவம்தான். உள்ளே கடுகை விடச் சிறிய, பழுப்பு நிறப் பிசின் மணிகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு மணியும் சோடியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடினநீர் அதன் வழியே ஓடும்போது ஒரு கால்சியத்தை வாங்கிக்கொண்டு இரண்டு சோடியத்தை விட்டுவிடும். சோடியம் தீர்ந்ததும் கெட்டியான உப்புநீரைப் பாய்ச்சினால், சோடியத்தின் கூட்டம் கால்சியத்தைத் தள்ளிவிட்டு மறுபடி இடம் பிடிக்கும். தள்ளப்பட்டது கழிவாகச் சாக்கடைக்குப் போகும். அந்தக் கழிவு உப்புநீரைக் கறிவேப்பிலை, வாழை பக்கம் விட்டுவிடாதீர்கள், பட்டுப்போகும்.

ஆக, தண்ணீரிலிருந்து ஒன்றை எடுத்தால் இன்னொன்றை வைக்கிறது. 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு 46 மில்லிகிராம் சோடியம் என்பது கணக்கு. உங்கள் 280க்கு லிட்டருக்கு ஏறக்குறைய 129 மில்லிகிராம் சோடியம் கூடும். மாமியார் தேத்தண்ணி, ரசம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர் குடிப்பதாக வைத்தால், நாளைக்கு அரை கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போகும். 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்று சொல்லப்படும் இடத்தில் அரை கிராம் விஷம் இல்லைதான். ஆனால் சாம்பாரில் அவருக்காக உப்பைக் குறைத்துப் போடும் நீங்கள், தண்ணீரில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? சாதாரண உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு போடலாம் என்று விற்பனையாளர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் கூடுவது ஆபத்து. உங்கள் வீட்டில் இருவரையுமே அதில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் இயந்திரம் வாங்கினாலும் அது குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் மட்டும் போகட்டும். சமையலறைக் குழாய்க்கு நேரடித் தண்ணீர் தனியாக வர வேண்டும். விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே எத்தனை லிட்டர் பிசின் இருக்கிறது? ஒரு லிட்டர் பிசின் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 10 லிட்டர் பிசின் என்றால் உங்கள் தண்ணீரில் 1,800 லிட்டர் அளவுக்குத்தான் தாங்கும். நாளைக்கு 600 லிட்டர் செலவழித்தால் மூன்று நாளைக்கு ஒரு தடவை உப்பு ஊட்ட வேண்டும். "மாதம் ஒரு தடவை போதும்" என்கிற பேச்சு இந்தக் கணக்குக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

சீருடையில் மஞ்சள் கறை என்றீர்கள். அது கடினத்தன்மையின் வேலை இல்லை, இரும்பாகத்தான் இருக்கும். புதிதாக இறைத்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். காலையில் மஞ்சளித்து அடியில் துரு மாதிரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இரும்புள்ள தண்ணீரை நேராகப் பிசினுக்குள் விட்டால் மணிகள் துருவேறி வீணாகும். முதலில் தண்ணீரைக் காற்றுப்படும்படி சொரிய விட்டு, மணல் வடிகட்டியில் இரும்பைப் பிரிக்க வேண்டும். 4,800 வெள்ளி கேட்டவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதே, ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள் என்று சொல்ல எனக்குப் போதுமான காரணம்.

மாமியாரின் சுண்ணாம்பு

அவரைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சுண்ணாம்பு கரைந்த தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டே சுண்ணாம்பை எடுக்கலாம் என்பது உண்மை. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க் 1841இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரிலிருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து, இரண்டுமே கரையாத கார்பனேட்டாகி அடியில் இறங்கிவிடும். ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் சில நிலையங்களில் இன்றும் இந்த முறை இருக்கிறது.

சிக்கல் அளவில்தான். 20 லிட்டர் தண்ணீரில் தற்காலிகக் கடினத்தன்மை 200 இருந்தால் தேவைப்படுவது 3 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலைச் சுண்ணாம்பில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சுண்ணாம்பு என்று யாருக்குத் தெரியும்? கொஞ்சம் கூடினால் மிஞ்சிய சுண்ணாம்பே தண்ணீரை மறுபடி கடினமாக்கும், காரத்தன்மையும் ஏறும். சோதனைக் கருவி இல்லாமல் குடிக்கும் தண்ணீரில் செய்ய வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். படிகாரம் போடும் யோசனையும் யாராவது சொல்வார்கள். படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும். ஆனால் கால்சியம் தண்ணீரிலேயே நிற்கும், பைகார்பனேட் மட்டும் சல்ஃபேட்டாக மாறும். அதாவது கொதித்தால் போகக்கூடியதைக் கொதித்தாலும் போகாததாக்கிவிடும்.

ஆலைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கணவர் அக்கறையில் சொல்கிறார் என்பது புரிகிறது. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் ஆக்சிஜனை எடுக்கச் சல்ஃபைட்டோ ஹைட்ரசீனோ, காரை படியாமலிருக்கப் பாஸ்பேட்டோ கலக்கும் வழக்கம் உண்டு. ஹைட்ரசீன் நச்சு. மருந்து கலப்பதற்கு முந்தைய தொட்டியில்தான் பிடிக்கிறேன் என்றாலும், அது குடிப்பதற்காகப் பராமரிக்கப்படும் தொட்டி இல்லை.

பருப்பும் துணியும்

பருப்பு ஏன் குழையவில்லை என்றால், தண்ணீரின் கால்சியம் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. இதற்குச் சாம்பார் முழுவதற்கும் மென்னீர் தேவையில்லை. பருப்பை ஊற வைக்கவும் வேக வைக்கவும் உள்ள தண்ணீர் மட்டும் மென்மையாக இருந்தால் போதும். முந்தின நாள் இரவு அகலமான பாத்திரத்தில் 10 நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். பொங்கியதும் தானாக நின்றுவிடும் மின்கெட்டிலில் ஒரு பகுதிதான் பிரியும். மூடி வைத்துக் காலையில் மேல்தண்ணீரை மட்டும் அசையாமல் மொண்டுகொள்ளுங்கள். அடியில் மாவு மாதிரி வெள்ளையாகத் தங்கியிருக்கும். மேலே மினுமினுவென்று மெல்லிய ஏடு மிதந்தால் அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

கொண்டைக்கடலை மாதிரித் தோலுள்ளவற்றை ஊற வைக்கும்போது கொஞ்சம் உப்பு சேருங்கள். சோடியம் போய்த் தோலிலிருக்கும் கால்சியத்தைத் தள்ளும். 4,800 வெள்ளி இயந்திரத்தில் நடக்கும் பரிமாற்றம் உங்கள் கிண்ணத்திலேயே நடக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வையுங்கள். புளியைப் பருப்பு வெந்த பிறகு ஊற்ற வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆப்பச்சோடா போட்டாலும் குழையும், ஆனால் பி1 வைட்டமின் அழிந்துவிடும், எனவே தினமும் வேண்டாம்.

துணிக்கு மழைத்தண்ணீரை விட நல்ல மென்னீர் கிடையாது. பேராக்கில் மழைக்குப் பஞ்சமா? தகரக் கூரையிலிருந்து வரும் முதல் சில நிமிடத் தண்ணீரை விட்டுவிட்டு, பிறகு டிரம்மில் பிடியுங்கள். வலை போட்டு இறுக மூடுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிட்டால் டிங்கியும் வரும் அபராதமும் வரும். மகளின் தலைக்குக் கடைசி அலசலுக்கு அதே தண்ணீரைக் கொடுங்கள். கடினநீரில் சவர்க்காரம் கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத பிசுக்காக முடியில் ஒட்டி அதைச் சொரசொரப்பாக்கும். ஆனால் வேரோடு கொட்டுகிறது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். இரத்தச் சோகை, தைராய்டு இரண்டையும் கிளினிக்கில் பார்த்துவிடுங்கள்.

மழை இல்லாத நாளில் சலவைச் சோடா. 40 லிட்டர் உங்கள் தண்ணீருக்குத் தூளாக இருந்தால் 12 கிராம், படிகமாக இருந்தால் 32 கிராம். சவர்க்காரம் போடுவதற்கு முன்பே கரைத்துக் கொஞ்ச நேரம் விட வேண்டும். தற்காலிகம், நிரந்தரம் இரண்டையும் அது பிடித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பட்டுத்துணிக்கு ஆகாது. பெயர் ஒரே மாதிரி இருக்கிறது என்று கோஸ்டிக் சோடாவை வாங்கிவிடாதீர்கள், அது தோலை அரித்துவிடும். கெட்டில் காரைக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வைத்தால் சுர்ரென்று நுரைத்துக் கரையும். குளோரின் பிளீச்சோடு மட்டும் அமிலம் எதையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இன்னொரு கவலையை நானாகவே எழுப்ப வேண்டியிருக்கிறது, இதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. துளைக்கிணறு செம்பனைத் தோட்டத்துக்கும் கழிவுத் தொட்டிக்கும் பக்கத்தில் இருந்தால், கடினத்தன்மையை விட கிருமிகளையும் நைட்ரேட்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். கிருமி கொதித்தால் சாகும். நைட்ரேட் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். கைக்குழந்தையின் பால்மாவுக்கு அது ஆபத்து. கடைக்கும் சமைக்கிறீர்கள் என்பதால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் விசாரித்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் ஒன்றில் நைட்ரேட், இரும்பு, மாங்கனீஸ், கோலிஃபார்ம் கிருமிகள் நான்கையும் பார்த்துவிடுங்கள். விடியற்காலையில் நூல் மாதிரி வரும் அந்தக் குழாய்த் தண்ணீரை முந்தின இரவே ஒரு மூடிய தொட்டியில் பிடித்து வைக்க முடிந்தால், குடிக்கவும் சமைக்கவும் அதுவே மேல்.

இப்போது கணவர் செய்ய வேண்டியது. ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரை 10 நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியதும் வடிகட்டி, குறைந்த அளவைக் காய்ச்சி வடித்த நீரால் பழையபடி ஒரு லிட்டருக்கு நிரப்பி ஆய்வகத்தில் கொடுக்கட்டும். அங்கே நிறங்காட்டிச் சாயம் கலந்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், சாயத்தால் திராட்சைச் சிவப்பாக இருக்கும் தண்ணீர் ஒரே சொட்டில் நீலமாகும். அந்த எண்ணை 280லிருந்து கழித்தால் கிடைப்பது தற்காலிகக் கடினத்தன்மை. கொதித்த தண்ணீரின் எண் 100க்குக் கீழே வந்தால் உங்கள் சாம்பாருக்கு எந்த இயந்திரமும் வேண்டாம். 200க்கு மேலேயே நின்றால் அந்த எண்ணோடு இன்னொரு கடிதம் எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.